மேசை மேல் ஒரு மோதிரம், சாலையில் ஒரு மோதிரம்

ஒருவர் குடியிருக்கும் வீட்டு மேசையில் மோதிரம் ஒன்று கிடக்கிறது. உள்ளே வந்த இன்னொருவர் அதைத் தமதாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போகிறார். இது திருட்டு. அதே மோதிரம் யார் வசமும் இல்லாமல் நெடுஞ்சாலையில் கிடக்கிறது, அதே ஆள் எடுத்துக்கொள்கிறார். இது திருட்டு இல்லை; வேறொரு குற்றமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மோதிரம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, ஆசையும் மாறவில்லை. கிடந்த இடம் ஒன்று மாறியதும் குற்றத்தின் பெயரே மாறிவிட்டது. இது கோச்சிங் சென்டரில் கட்டிய புதிர் இல்லை. 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவிலேயே இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகளாக அச்சிடப்பட்டிருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுக்கும் அவை இடம் மாறி வந்துவிட்டன. திருட்டு என்ற ஒரு குற்றத்துக்கு மட்டும் இப்படி 16 எடுத்துக்காட்டுகள். சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பதற்கும் சட்டப்படி யோசிப்பதற்கும் இடையே நல்ல தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க, ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்து, அதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றி, விடை மாறுகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பயிற்சிப் புத்தகம் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் அதை மனப்பாடப் பகுதியாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த எடுத்துக்காட்டுகள் ஏன் வந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1833-ன் சாசனச் சட்டத்தின்படி அமைந்த முதல் சட்ட ஆணையத்துக்குத் தாமஸ் பாபிங்டன் மெக்காலே தலைவர். சென்னை மாகாணத்தின் சார்பில் ஜான் மெக்லியோட் அதில் உறுப்பினராக இருந்தார். ஆணையம் தண்டனைச் சட்ட வரைவை 1837 அக்டோபரில் தலைமை ஆளுநர் ஆக்லண்ட் பிரபுவிடம் கொடுத்தது. அது திருத்தப்பட்டு 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வரைவை எழுதியவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு சட்ட விதியின் எல்லை எது என்பதை நூற்றாண்டுக் கணக்கில் குவிந்த தீர்ப்புகள் சொல்லின. இங்கே அப்படி ஒரு குவியல் இல்லை. மாவட்டத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டிய அதிகாரிகள் பலர் சட்டம் படித்தவர்களும் இல்லை. ஆகவே தீர்ப்புகள் வரும்வரை காத்திராமல், சட்டம் இயற்றுபவர்களே கற்பனை வழக்குகளைப் படைத்து அவற்றுக்குத் தீர்ப்பும் எழுதி பல பிரிவுகளின் அடியில் வைத்துவிட்டார்கள். பிரிவில் இல்லாத புதிய சட்டம் எதையும் எடுத்துக்காட்டு உண்டாக்காது, இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான் என்றும் விளக்கினார்கள். மெக்காலேயின் கல்விக் குறிப்பைப் பற்றி நமக்கு ஆயிரம் மனக்குறை இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் சட்டத்தை இப்படி எழுதியது அசாத்தியமான ஆசிரியத் திறமை. 1872-ன் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் இந்த முறையைப் பின்பற்றின. 1883-ல் இலங்கைக்கும், அதற்கு முன்பே சிங்கப்பூர், பினாங்கு முதலிய ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றங்களுக்கும் இதே அச்சில் தண்டனைச் சட்டங்கள் வார்க்கப்பட்டன.

மோதிரத்துக்குத் திரும்புவோம். திருட்டு என்றால் ஐந்து கூறுகள் சேர வேண்டும்: பொருள் அசையும் சொத்தாக இருக்க வேண்டும், அது ஒருவர் வசத்தில் இருக்க வேண்டும், அவர் சம்மதம் இருக்கக் கூடாது, நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும், அந்த எண்ணத்தோடு பொருளை நகர்த்தியிருக்க வேண்டும். இதைத் தேர்வுக்கு எழுதிவிடலாம். ஆனால் ‘வசம்’ என்ற சொல்லுக்கு உயிர் வருவது மேசையையும் சாலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான். மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. மேசையில் மோதிரத்தைப் பார்த்தவர், உடனே கொண்டுபோனால் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, வீட்டுக்காரர் கண்ணில் படவே வாய்ப்பில்லாத ஓரிடத்தில் அதே வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறார். பரபரப்பு அடங்கியதும் வந்து எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். மோதிரம் வாசல்படியைத் தாண்டவே இல்லை. ஆனாலும் முதன்முதலில் அதை நகர்த்திய அந்தக் கணத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். வீட்டைவிட்டு வெளியே போனால்தான் திருட்டு என்று நாம் இயல்பாக வைத்திருக்கும் எண்ணத்தை இந்த ஒரு வரி உடைத்துவிடுகிறது. பையில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வரவழைப்பவர் பற்றிய எடுத்துக்காட்டும் இதே குடும்பம்தான்: நாய் பின்தொடரத் தொடங்கியதுமே திருட்டு நிகழ்ந்துவிடுகிறது; கயிறு கட்ட வேண்டியதில்லை, கை படவும் வேண்டியதில்லை.

சாலையில் கிடந்த மோதிரத்தை எடுத்தவர் தப்பித்துவிட்டாரா? அதற்கு வேறு பிரிவுக்குப் போக வேண்டும். குற்றமுறு கையாடலைச் சொல்லும் பழைய 403-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளில், யாருடையது என்று தெரியாத ஒரு ரூபாயைப் பொதுவழியில் எடுத்தவர் குற்றம் செய்யவில்லை. விலையுயர்ந்த மோதிரத்தை எடுத்து, உரியவர் யார் என்று விசாரிக்க ஒரு முயற்சியும் செய்யாமல் உடனே விற்றவர் குற்றவாளி. ரூபாய்க்கும் மோதிரத்துக்கும் நடுவே, உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுத்தாரா என்ற கேள்வி நிற்கிறது. இனி வாசகரே விவரங்களை மாற்றலாம். மோதிரம் கல்யாண மண்டபத்தின் தரையில் கிடந்தால்? கூட்டம் கலைந்த பிறகு கூட்டுகிறவர் கண்டெடுத்தால்? ஷேர் ஆட்டோ இருக்கையின் இடுக்கில் கிடந்தால், அது ஓட்டுநர் வசமா, யார் வசமும் இல்லையா? மணமகளின் பெயர் பொறித்த மோதிரம் என்றால்? மண்டபக் கேள்விக்கு இரண்டு பக்கமும் வாதாட இடம் உண்டு. பெயர் பொறித்த மோதிரத்தை விற்றவருக்கு அவ்வளவு இடம் கிடையாது. எந்த மாற்றம் விடையைப் புரட்டுகிறது, எது சும்மா அலங்காரம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். மோதிரம் தங்கமா வெள்ளியா என்பது திருட்டா இல்லையா என்ற கேள்வியில் எதையும் அசைக்காது. விடை அசையாமல் நிற்கும் இடங்களும் பாடம்தான்: அடுத்தவர் சட்டைப்பையில் கைவிட்டுப் பார்த்தவர், பை காலியாக இருந்ததால் வெறுங்கையோடு போகிறார். இழப்பே இல்லையே என்று தோன்றும். திருட்டு முயற்சிக்காக அவர் தண்டிக்கப்படலாம் என்கிறது சட்டம்.

இந்தப் பதினாறில் எனக்கு மிகவும் பிடித்தது கைக்கடிகார ஜோடி. ஒருவர் தம் கடிகாரத்தைச் சரிசெய்யக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். கூலி பாக்கி ஏதும் இல்லை. பிறகு கடைக்குள் பகிரங்கமாக நுழைந்து கடைக்காரர் கையிலிருந்து அதைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகிறார். அத்துமீறல், தாக்குதல் எல்லாம் சேரலாம். ஆனால் திருட்டு இல்லை, ஏனென்றால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. இப்போது ஒரே ஒரு விவரம் மாறுகிறது: பழுதுபார்த்த கூலி பாக்கி. அதற்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார். அந்த ஈட்டை அவருக்கு இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு உரிமையாளர் அதை எடுத்துப்போனால், தன் சொந்தக் கடிகாரத்தையே திருடியவர் ஆகிறார். ‘என் பொருளை நான் எடுக்க எவனைக் கேட்க வேண்டும்’ என்று அடகுக்கடை வாசலில் குரல் உயர்த்துகிறவருக்கு இந்த நான்கு வரி போதும். எதிர்ப்பக்கத்தில் ஒரு மென்மையான எடுத்துக்காட்டும் உண்டு: நண்பர் வீட்டில் இல்லாத நேரத்தில் அவரது நூலகத்திலிருந்து படித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தோடு ஒரு புத்தகத்தை எடுத்துப்போனவர், நண்பரின் சம்மதம் உள்ளூற இருப்பதாக நம்பியிருந்தால் திருடவில்லை. இங்கே அவரைக் காப்பாற்றியது எது, திருப்பித் தரும் எண்ணமா, சம்மதம் உண்டு என்ற நம்பிக்கையா? எடுத்துக்காட்டை மேலோட்டமாகப் படித்தவர் முதலாவதைச் சொல்வார். ஒரு நிஜ வழக்கைப் பாருங்கள். 1952-ல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர், அனுமதியில்லாமல் ஹார்வர்ட் ரக விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு பறந்து பாகிஸ்தானில் இறங்கினார். விமானத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் எண்ணம் இல்லையே என்ற வாதம் 1957-ல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. தற்காலிகமாக அனுபவித்தாலும் அது முறைகேடான ஆதாயம்தான், பறிகொடுத்தவருக்குத் தற்காலிகமாக ஏற்பட்டாலும் அது இழப்புதான் என்று கூறி, அது திருட்டே என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. புத்தகத்தையும் விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நண்பரைக் காப்பாற்றியது சம்மதம் பற்றிய நல்லெண்ண நம்பிக்கைதான் என்பது தெளிவாகும்.

மனம் பற்றிய இந்தக் கேள்வி உயிர் போன வழக்குகளில் இன்னும் கூர்மையாகிறது. பழைய 299-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றில், அடுத்தவர் கோழியைச் சுட்டுத் திருட நினைத்தவரின் குண்டு, புதர் மறைவில் இருந்த ஒருவரைக் கொன்றுவிடுகிறது. அங்கே ஆள் இருப்பது சுட்டவருக்குத் தெரியாது. திருட்டு வேலையில் இறங்கியவரால் உயிர் போயிருக்கிறது. ஆனால் கொல்லும் எண்ணமோ, சாவு நேரலாம் என்ற அறிவோ இல்லாததால் அது குற்றமுறு மரணம் விளைவித்தல் இல்லை என்று சட்டம் சொல்கிறது. பெருங்குற்றம் ஒன்றைச் செய்யும்போது சாவு நேர்ந்தால் அதையும் கொலைக் கணக்கில் எழுதும் பழைய ஆங்கிலேயச் சட்டத்தை இந்த வரைவாளர்கள் தெரிந்தே ஒதுக்கினார்கள். ஒரு கோழியும் ஒரு புதரும் ஒரு கொள்கை முடிவைச் சுமந்து நிற்கின்றன.

தத்துவ வகுப்புகளில் இன்று பிரபலமாக இருக்கும் டிராம் வண்டிப் புதிர், ஐந்து பேரைக் காப்பாற்ற வண்டியை ஒருவர் பக்கம் திருப்பலாமா என்பது, 1967-ல் பிலிப்பா ஃபுட் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. நம் தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதன் அண்ணன் இருக்கிறார். பழைய 81-ஆம் பிரிவில் நீராவிக் கப்பலின் கேப்டன் ஒருவர், தம் தவறு எதுவும் இல்லாமல், இருபது முப்பது பேர் இருக்கும் படகு ஒன்றின் மீது மோதியே தீர வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். திசையைத் திருப்பினால் இரண்டு பேர் மட்டும் உள்ள இன்னொரு படகின் மீது மோதும் ஆபத்து. ஆனால் அதை இடிக்காமல் தப்பிப் போய்விடவும் கூடும். அந்த இருவரைத் துன்புறுத்தும் எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு திருப்பினால் அவர் குற்றவாளி அல்ல, தவிர்க்க நினைத்த ஆபத்து அந்த அளவுக்குப் பெரியது என்று உண்மையில் மெய்ப்பிக்கப்பட்டால் என்று சட்டம் முடிக்கிறது. தலையை எண்ணித் தீர்ப்பு சொல்வதாகத் தோன்றும். ‘தப்பிப் போய்விடவும் கூடும்’ என்ற சொற்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். இருவரின் சாவு நிச்சயம் என்றால் கேப்டன் செய்தது ஆபத்தை ஏற்பது என்பதிலிருந்து உயிரைப் பலிகொடுப்பது என்பதாக மாறிவிடுகிறது. 1884-ல் இங்கிலாந்தில் டட்லி–ஸ்டீவன்ஸ் வழக்கில் அந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. கப்பல் மூழ்கி, சிறு படகில் பட்டினியாகக் கிடந்த மாலுமிகள், உயிர்பிழைக்க 17 வயதுப் பையன் ஒருவனைக் கொன்று தின்றார்கள். பலர் பிழைக்க ஒருவர் சாகலாம் என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. அது கொலை என்றே தீர்ப்பானது. தூக்குத்தண்டனை பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கேப்டனுக்கும் அந்த மாலுமிகளுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை என்பதை அந்த இரண்டு மூன்று சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

இந்தப் பயிற்சிக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வலுவானது. உண்மை வழக்கில் எடுத்துக்காட்டுகளின் பெயரில்லாத ‘அ’வும் ‘ஆ’வும் வருவதில்லை, பிறழ்சாட்சியும், தாமதமாகப் பதிந்த எஃப்ஐஆரும், காணாமல்போன தடயமும்தான் வருகின்றன. விசாரணை நீதிமன்றத்தில் பெரும்பாலும் சண்டை என்ன நடந்தது என்பதில்தான், சட்டம் என்ன சொல்கிறது என்பதில் இல்லை. கற்பனைச் சம்பவமோ நடந்ததை நிச்சயமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறது. ஆகவே அது வழக்கறிஞருக்குப் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது என்பார்கள். முன்பாதி சரி. ஆனால் எந்த விவரம் விடையை மாற்றும் என்று தெரியாதவருக்கு, எந்த விவரத்தை நிரூபிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஒளித்துவைத்த மோதிரத்தின் எடுத்துக்காட்டை உள்வாங்கிய வழக்கறிஞர், ‘வீட்டைவிட்டு எப்போது வெளியே போனார்’ என்று சாட்சியைக் குடைந்துகொண்டிருக்க மாட்டார். ‘மோதிரம் மேசையிலிருந்து எப்போது நகர்ந்தது, அந்த நேரத்தில் அவர் என்ன சொன்னார், எப்படி நடந்துகொண்டார்’ என்று கேட்பார். கடிகார வழக்கில் கூலி பாக்கிக்கு ரசீது உண்டா என்பதே முதல் கேள்வியாக இருக்கும். கற்பனை வழக்கு உண்மையைத் தேடித் தராது. எங்கே தேட வேண்டும் என்று சொல்லும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அ’ என்று சொன்னதுமே சாதி, பால், வருமானம் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. நிலத்துக்காரர் தோப்பில் விழுந்த தேங்காயை எடுத்த கூலிப்பெண்ணும், அடுத்தவர் மரத்தை வெட்டிக் கடத்தும் ஒப்பந்தக்காரரும் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். எழுத்துகளுக்குள்ளும் ஒரு காலத்தின் உலகம் மறைந்திருக்கிறது. பிச்சை கேட்பவருக்கு ஒருவரின் மனைவி பணமும் உணவும் துணியும் கொடுக்கிறார். வாங்கியவர் திருடர் அல்ல, ஏனென்றால் தர்மம் செய்ய மனைவிக்கு அதிகாரம் இருப்பதாக அவர் நினைத்திருக்கலாம் என்கிறது ஓர் எடுத்துக்காட்டு. வீட்டிலுள்ள பொருளெல்லாம் கணவனுடையது என்ற அனுமானம் கேள்வியின்றி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இந்த அனுமானத்தை வெளியே இழுத்துப் போடுவதும் அதே பயிற்சிதான். பணம் மனைவியின் சம்பளம் என்று மாற்றிப் பாருங்கள்; கணவனின் சம்மதம் என்ற கேள்வியே மறைந்துவிடுகிறது, எடுத்துக்காட்டு தேவையற்றதாகிறது. கொடுத்தவர் கணவன், சம்பாதித்தவர் மனைவி என்று புரட்டிப் பாருங்கள். புதிய சட்டம் பொது விளக்கப் பிரிவில் ‘மனைவி’ வசமுள்ள சொத்து என்றிருந்ததை ‘வாழ்க்கைத்துணை’ என்று மாற்றியிருக்கிறது. திருட்டுக்கான எடுத்துக்காட்டில் பிச்சை போடுபவர் இன்னும் மனைவியாகவே நிற்கிறார். விதியை மட்டும் படித்தவருக்கு இந்த முரண் கண்ணில் படாது. பெயரையும் நிலையையும் மாற்றிப் பார்ப்பவருக்கே படும். எனவே ‘அ’ யார் என்று கேட்பது இந்த முறையைக் கைவிடுவதற்கான காரணமில்லை. அதுவும் மாற்றிப் பார்க்க வேண்டிய ஒரு விவரம்.

நீதிமன்றங்களே கற்பனைக் கேள்விகளுக்குத் தீர்ப்பு சொல்ல மறுக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மையான தகராறு இல்லாமல் வெறும் ஏட்டளவிலான கேள்வியோடு வருபவரை நம் நீதிமன்றங்கள் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்கும் அரசியலமைப்பின் 143-ஆம் விதி போன்றவை விதிவிலக்கு. ஆனால் நிஜ வழக்கில் வாதம் நடக்கும்போது நீதிபதியே வழக்கறிஞரை நிறுத்தி, ‘நீங்கள் சொல்வது சரியென்றால் இந்த நிலையிலும் அதே விடைதானே வரும், அதை ஏற்கிறீர்களா’ என்று கேட்பது அன்றாடம் நடப்பது. அந்தக் கேள்விக்கு யாரும் தண்டனை பெறுவதில்லை. வாதம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டுகளின் மதிப்பு பற்றியும் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. 1916-ல் ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றங்களிலிருந்து வந்த மேல்முறையீட்டில், சட்டத்தின் எடுத்துக்காட்டுகள் பொருளுள்ளவை, பிரிவுக்கு ஒவ்வாதவை என்று அவற்றை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. அதே சமயம் பிரிவின் எல்லையை எடுத்துக்காட்டு சுருக்கவோ விரிக்கவோ முடியாது என்பதும் நிலைபெற்ற விதி. தன் வழக்குக்கு அச்சாக ஒத்துவரும் எடுத்துக்காட்டைத் தேடி அலைகிற மாணவர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்.

நம் சட்டக் கல்வியில் சிக்கல் அங்கேதான். ‘திருட்டை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக’ என்று கேட்டால், அதே நாய், அதே மோதிரம், அதே கடிகாரம் விடைத்தாளில் வரிசையாக வந்து நிற்கும். விடையும் சேர்த்தே மனப்பாடமான கற்பனைச் சம்பவம் பயிற்சியாக இருப்பதில்லை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு, விதியைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிட்டுச் சம்பவத்துக்குப் பொருத்தச் சொல்வது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் நான்கில் ஒன்றைக் கட்டமிடுவதோடு அது முடிந்துவிடுகிறது. விடை ஏன் மாறியது என்று எழுதவைக்கும் இடம் குறைவு. பழைய சட்டம் அசையும் சொத்து என்பதைத் தொட்டுணரக்கூடிய பருப்பொருளாக வரையறுத்திருந்தது; புதிய சட்டம் அந்தச் சொல்லை நீக்கி, எல்லா வகைச் சொத்தையும் உள்ளடக்கியிருக்கிறது. இப்போது ஒருவரின் கைப்பேசியிலிருந்து அவர் அனுமதியின்றி ஒரு ஆவணத்தைத் தமக்கு அனுப்பிக்கொண்டவர் திருடினாரா? அசல் உரியவரிடமே இருக்கிறது. அவர் வசத்திலிருந்து எது வெளியேறியது? எது நகர்ந்தது? அனுப்பிவிட்டு அசலை அழித்திருந்தால்? மின்சாரத் திருட்டைத் தனிச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டியிருந்த அனுபவம் இங்கே உதவுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனியே இருக்கும்போது இந்தப் பிரிவை இவ்வளவு தூரம் இழுக்கலாமா? அசல் உரியவரிடமே இருக்கும்வரை ‘வசத்திலிருந்து எடுத்தல்’ நிறைவேறவில்லை என்பது என் கட்சி. சொல்லை நீக்கியதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமே என்று எதிர்க்கட்சி நிச்சயம் கேட்கும்.

சட்டக் கல்லூரிகளில் தேர்வுத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருட்டுக்கு எடுத்துக்காட்டுகளை எழுதச் சொல்லாதீர்கள். பதினாறும் அச்சிலேயே இருக்கின்றன. 303-ஆம் பிரிவுக்குப் பதினேழாவது எடுத்துக்காட்டை மாணவரே படைக்கட்டும். அதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பதினெட்டாவதையும் படைத்து, விடை ஏன் மாறியது அல்லது ஏன் மாறவில்லை என்று ஒரு பக்கம் எழுதட்டும். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதவும் அனுமதியுங்கள்.